ஆயுத பூஜை மழை

கல்வராயன் மலையில் நான் ஒரு மேகத்தைக் கண்டுபிடித்தேன். எனக்கு முன் அதை யாரும் பார்த்ததில்லை. எனக்குப் பின்னும் யாரும் பார்க்கப்போவதில்லை. நானே பார்த்ததில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எத்தனை வருடமாக என்று கேட்காதீர்கள். உறவுக்காரக் கல்யாணங்களில் என்னைப் பார்க்கிறவர்கள், "இன்னும் படிச்சிக்கினுதான் இருக்கியாம்மா?" என்று ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். நானும் நோயாளியைப் போலவே, "இப்ப கொஞ்சம் பரவாயில்ல பெரிம்மா, இந்த வருசம் முடிஞ்சிரும்" என்பேன். ஆனால் அந்த வருடம் உண்மையாகவே முடித்தாக வேண்டியிருந்தது. கோடை விடுமுறைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காதவர்களுக்கு அடுத்த கல்வியாண்டில் வேலை இல்லை என்று கல்லூரியில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. வேறு எந்த வேலைக்கும் லாயக்கில்லாத அளவுக்குப் படித்திருந்தேன்.

என் ஆய்வு மழையைப் பற்றியது. மூன்று இடங்களில் மழைமானி வைத்திருந்தேன். ஒன்று வெள்ளிமலைக்குப் பக்கத்தில், மாவு மில் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டுத் தோட்டத்தில். இன்னொன்று மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் தாண்டி ஒரு கரும்புக் கொல்லையின் நடுவில், முள்வேலிக்குள். மூன்றாவது கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில். மேலே ஒரு புனல், உள்ளே பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கும் சீசாப் பலகை மாதிரி ஒரு சின்னக் கிண்ண ஜோடி. ஒரு கிண்ணம் நிரம்பினால் டக்கென்று சாயும், மற்றது மேலே வரும். எத்தனை முறை சாய்ந்தது, எப்போது சாய்ந்தது என்பதைப் பக்கத்தில் இருக்கும் பெட்டி குறித்துக்கொள்ளும். நான் எப்போதாவது பஸ் ஏறிப் போய், அந்த எண்களை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு, பெட்டியைக் காலி செய்துவிட்டு வருவேன். எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பில் அடுக்கி வைத்திருந்தேன். அலமாரி மாதிரியான கோப்பு அது. ஒவ்வொரு மழைமானிக்கும் ஒரு தட்டு, தட்டில் வரிசை வரிசையாக எண்கள். இவ்வகைக் கோப்புகளைத் திறக்கவும் மூடவும் திருத்தவும் பைத்தான் என்கிற கணினி மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது தயாராக எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு, இருக்கிறது. அது எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோப்பிலிருந்துதான் என் மேகம் பிறந்தது.

ஒவ்வொரு வருடமும், புரட்டாசியின் பின்பாதியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ, ஏதாவது ஒரு நாள் காலையில், மலைமேல் இருந்த மழைமானி பேய்மழையைக் காட்டியது. சில நிமிடங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுச் சட்டென்று நின்றுவிடும் மழை. அதே நாள் சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் எங்கள் மாடியிலும் அப்படியே ஒரு மழை. நடுவில் இருந்த கரும்புக் கொல்லையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. தேதி வருடத்துக்கு வருடம் மாறியது. ஆனால் மழை மட்டும் தவறவில்லை.

வேறு யாராவது இருந்தால் இதில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். நான் அறிவாளி ஆயிற்றே. மலைச்சரிவில் காலையில் திரளும் ஈரக்காற்று ஒரு தனி மேகமாகி, முதலில் உச்சியில் கொட்டி, பிறகு அடிவாரத்தை உயரத்திலேயே தாண்டி, சமவெளியில் வந்து மீதியைக் கொட்டுகிறது என்று எழுதினேன். "தாவும் மேகம்" என்று அதற்குப் பெயரும் வைத்தேன். மேலே பெய்த நேரத்தையும் கீழே பெய்த நேரத்தையும் வைத்து அது என்ன வேகத்தில் தாவுகிறது என்றுகூடக் கணக்கிட்டேன். அதுதான் என் மூன்றாவது அத்தியாயம். ஒரு கருத்தரங்கில் அதை வாசித்தபோது சால்வை போர்த்தினார்கள். என் நெறியாளர், எதற்கும் அசையாத மனிதர், மேடையிலிருந்து இறங்கிய என்னிடம் "இது போதும்மா, கரை ஏறிட்ட" என்றார். அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது ஜன்னல் வழியே தெரிந்த மேகங்களை எல்லாம் சொந்தக்காரியைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எப்போதும் ஐப்பசி மழையெல்லாம் அடங்கி, கார்த்திகையில்தான் மலைக்குப் போவேன். அந்த வருடம் ஆய்வேட்டு அவசரம். ஆயுத பூஜைக்கு இரண்டொரு நாள் கழித்து, கல்லூரி விடுமுறை இருக்கும்போதே கிளம்பிவிட்டேன். கொண்டையூசி வளைவுகளில் வழக்கம்போல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

மாவு மில் அக்கா, அதாவது அந்த வீட்டம்மா, வாசலுக்கே வந்தார்.

"இந்த வருசம் நல்ல நேரத்துல வந்தீங்க டீச்சர். மிஷின வந்து பாருங்க, புதுப்பொண்ணாட்டம் இருக்கு."

தோட்டத்துக்குப் போனேன். என் மழைமானி பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. மூன்று பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. புனலின் துளையில் ஒரு எலுமிச்சம்பழம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இத யாருக்கா பண்ணது?"

"நாங்கதான். ஆயுத பூசைக்கு வருசா வருசம் பண்றதுதான? நீங்கதான சொன்னீங்க, இது ரொம்ப முக்கியமான மிஷினு, பத்தரமா பாத்துக்கங்கனு. மில்லு மோட்டருக்கே அப்புறம்தான். காலைல மொத பூச இதுக்குத்தான். எப்பவும் நீங்க வரதுக்குள்ள மழ எல்லாத்தயும் கரச்சிரும், இந்த வருசம் பழமும் வெச்சோம்."

"கழுவுனீங்களாக்கா?"

"கழுவாம பொட்டு வெப்பாங்களா? கொடத்துல மோந்து மேலருந்து நல்லா ஊத்துவோம். ஊத்த ஊத்த உள்ளாற டக்கு டக்குனு சத்தம் வரும் பாருங்க, கேக்கவே நல்லாருக்கும். கொடம் காலியாவுற வரைக்கும் ஊத்துவோம்."

கேக்கவே நல்லாருக்கும். அந்த டக்கு டக்கைத்தான் நான் ஒரு அத்தியாயமாக எழுதி, சால்வை வாங்கியிருந்தேன்.

அக்கா மீது கோபப்பட எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. ஆனால் அவர் கொண்டுவந்து கொடுத்த பொரியும் கடலையும் கையில் இருந்தன. வாயில் பொரியை வைத்துக்கொண்டு யாரையும் திட்ட முடியாது. எண்களை இறக்கிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை அவர் பார்க்காதபோது எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

பஸ் பாதி மலை இறங்குவதற்குள் மனதைத் தேற்றிக்கொண்டேன். மேலே உள்ள மழைமானியில்தானே கோளாறு? எங்கள் மாடியில் பெய்தது நிஜ மழைதானே? மேகம் தாவவில்லை என்றாலும், மேகம் என்று ஒன்று இருக்கிறதே? இப்படி யோசித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, வரிசையாக நின்ற ஆட்டோக்களில் வாழைக்கன்றுகள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் எங்கள் வீட்டு ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது.

என் கணவர் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஆயுத பூஜையன்று காலையில் கடையில் பூஜை. சாயங்காலம் வீட்டில். பைக், மிக்சி, கிரைண்டர், அரிவாள்மனை எல்லாம் வரிசையில் நிற்கும்.

"ஏங்க, ஆயுத பூசைக்கு மாடில இருக்கறதயும் கழுவுனீங்களா?"

"நீதான கழுவச் சொன்ன? பைக் கழுவுற ஓஸ மேல இழுத்துக்கினு போயி சும்மா சொழட்டி அடிச்சேன். ஏன், அழுக்கு சரியா போவலயா?"

நான்தான் சொன்னேன். வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். கீழே நின்று, "அந்த மூலையில நல்லா அடிங்க" என்று மேற்பார்வையும் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் எல்லாம் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். வெயிலில் வடகம்கூடக் காயவைத்திருப்பேன். ஆனால் மாதங்கள் கழித்துக் கோப்பைத் திறந்து, அன்று பேய்மழை என்று எண் சொன்னபோது, "அப்படியா, பெய்திருக்கும்" என்று நம்பிவிட்டேன். நான் கணக்கிட்டது மேகத்தின் வேகத்தை அல்ல. மாவு மில் பூஜைக்கும் எங்கள் வீட்டுப் பூஜைக்கும் இடையில் இருந்த நேரத்தை. கரும்புக் கொல்லையில் மழை பெய்யாததற்குக் காரணம், முள்வேலிக்குள் போய்ப் பொட்டு வைக்க ஆளில்லை. ஆங்கிலத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதது, சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்குத் தெரிந்திருந்தது.

சரி, திருத்திவிடுவோம் என்று உட்கார்ந்தேன். அந்தந்த நாட்களின் எண்களை அழித்து வேறு எண் எழுத வேண்டும், அவ்வளவுதானே. லைப்ரரிதான் எனக்குத் தலைகீழ்ப் பாடமாயிற்றே. கோப்பைத் திறந்து, வரிசையை எடுத்து, அந்த இடங்களில் பூஜ்ஜியம் போட்டேன். மூடினேன். மறுபடி திறந்து பார்த்தால் பேய்மழை அப்படியே இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடி இருந்தது. லைப்ரரியைத் திட்டினேன், லேப்டாப்பைத் திட்டினேன், சாப்பிட வா என்று கூப்பிட்டவரைத் திட்டினேன். நான் வெளியே எடுத்தது வரிசையின் நகல் என்பதும், நகலில் என்ன எழுதினாலும் கோப்புக்கு ஏறாது என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை. சுவரில் ஒட்டிய போஸ்டரைக் கிழிக்கச் சொன்னால், அதைப் போட்டோ எடுத்து அந்தப் போட்டோவைக் கிழித்துக்கொண்டிருந்தேன். கோப்புக்குள்ளேயே நேராக எழுத வேண்டும்.

அதற்குள் மூக்குக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. கோப்பைத் திறக்கும்போதே எதற்காகத் திறக்கிறோம் என்று ஒரு எழுத்தில் சொல்ல வேண்டும். படிக்க மட்டும் என்றால் ஒரு எழுத்து, இருப்பதைத் திருத்த என்றால் இன்னொன்று. இத்தனை நேரம் படிக்கத்தான் திறந்திருக்கிறோம் போல, அதனால்தான் எழுத மாட்டேன் என்கிறது என்று நானே முடிவுகட்டி, 'எழுது' என்பதற்கான டபிள்யூவைப் போட்டேன். அந்த எழுத்துக்கு அர்த்தம் எழுது என்பதல்ல. இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக எழுது என்று அர்த்தம். என்னைக் கேட்டுவிட்டாவது துடைத்திருக்கலாம். கேட்கவில்லை. கண் இமைப்பதற்குள் அலமாரி காலி. தட்டுகளும் இல்லை, எண்களும் இல்லை. பொய் மழையோடு சேர்ந்து, அத்தனை வருடத்து நிஜ மழையும் போய்விட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். என் தாழியில் திரண்டது வெண்ணெயே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அதற்குள் தாழியையும் நானே உடைத்துவிட்டேன். அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை. குழாயடியில் அடிபட்ட குழந்தையைப் போல வாய்விட்டு அழுதேன். என் கணவர் ஓடிவந்து, "இன்னா ஆச்சி? யாரு பூட்டாங்க?" என்றார். "மழை பூட்டுச்சிங்க" என்றேன். அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

பெட்டிகளில் இருந்ததை எல்லாம் அவ்வப்போது காலி செய்துவிட்டிருந்தேன். லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று பழைய துண்டுக் கோப்புகளையும் அழித்திருந்தேன், கடைசியாக இறக்கியவை மட்டும்தான் இருந்தன. மிச்சமிருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. போன கோடையில் முழுக் கோப்பையும் நெறியாளருக்கு மெயிலில் அனுப்பியிருந்தேன். அவர் நான் அனுப்பும் எதையும் திறப்பதில்லை. அதைச் சொல்லி எத்தனை முறை புலம்பியிருப்பேன்! மறுநாள் போன் செய்து, காரணம் எதுவும் சொல்லாமல், அந்த மெயிலை எனக்கே திருப்பி அனுப்பச் சொன்னேன்.

"இருக்கும்மா, நீ அனுப்புனது எல்லாம் அப்படியே இருக்கு" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "நல்லாப் பாத்துக்கோ. அந்த மூணாவது சாப்டர்தான் உன் தீசிஸுக்கு உசுரு. அத மட்டும் தொட்றாத."

கோப்பு வந்தது. திறக்காமல் பத்திரமாக வைத்திருந்ததால் ஒரு எண்கூடக் குறையவில்லை. பேய்மழையும் குறையவில்லை.

இப்போது உண்மையான சோதனை. மூன்றாவது அத்தியாயம் இருந்தால் கோடைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம், வேலை நிற்கும். அதை எடுத்துவிட்டால், மிச்சமிருப்பது மலையில் மழை ஜாஸ்தி, சமவெளியில் கம்மி என்கிற விஷயம் மட்டும்தான். அதைச் சொல்ல முனைவர் பட்டம் கொடுப்பார்களா? விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அக்காவுக்கு என் அத்தியாயம் தெரியாது. கணவருக்கு மழைமானி எதை எண்ணுகிறது என்று தெரியாது. பேசாமல் விட்டுவிட்டால் என்ன? இரண்டு நாள் அப்படித்தான் விட்டுவைத்தேன்.

பிறகு திருத்தினேன். நேர்மை என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். பயம்தான். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வருகிறவரும் தமிழர்தானே? அவர் வீட்டுச் சுவரிலும் காலண்டர் தொங்குமே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காயை எப்படி மறைப்பது? நெறியாளருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று "சார், சார்" என்றேன்.

"இருக்கேம்மா" என்றார். "அந்த சால்வய இன்னா பண்ண?"

"பீரோல இருக்கு சார்."

"இருக்கட்டும், வெளிய போத்திக்காத. ஜீரோ போட்டுட்டு மிச்சத்த எழுது, பாப்போம்."

இந்த முறை முதலில் கோப்புக்கு நான்கு நகல் எடுத்து நான்கு இடத்தில் வைத்தேன். திருத்துவதற்கான சரியான எழுத்தைப் போட்டுத் திறந்து, நேராகக் கோப்புக்குள்ளேயே, அந்தந்த நாளில், அந்தந்த வரியில் பூஜ்ஜியம் எழுதினேன். மூடித் திறந்தேன். நின்றது. ஆனால் மனதில் ஒரு அரிப்பு. பூஜ்ஜியம் என்றால் அன்று மழை பெய்யவில்லை என்று அர்த்தம். அது எனக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, போன வருசம் ஆயுத பூச அன்னைக்கு நிஜமாவே மழ பெஞ்சுதா?"

"பேஞ்சுது டீச்சர், சாயங்காலமா லேசா."

பின்னாலிருந்து அவர் வீட்டுக்காரரின் குரல்: "எங்க பேஞ்சுது? அது அதுக்கு மொத வருசம்."

"நீ சும்மா இரு, பொரி நமுத்துப் போச்சினு நீதான கத்துன?"

"அது மூடாம வெச்சதால நமுத்துது!"

அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனை வைத்தேன். எங்கள் வீட்டில் கேட்டேன். ஓஸ் தண்ணீரில் அவரே தொப்பலாக நனைந்திருந்ததால், மேலே இருந்து வேறு ஏதாவது பெய்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

எனவே பூஜ்ஜியங்களையும் அழித்தேன். அந்தக் கோப்புகளில், எண்ணே இல்லை என்று எழுதவும் ஒரு குறி இருக்கிறது. அளந்தோம், ஆனால் தெரியாது என்று அதற்குப் பொருள். அதைப் போட்டேன். போட்டதும் மாதக் கணக்கும் தெரியாது என்றது, வருடக் கணக்கும் தெரியாது என்றது. தெரியாத ஒன்றை எதோடு கூட்டினாலும் மொத்தமும் தெரியாதாகிவிடுமாம். அதை விட்டுவிட்டுக் கூட்டு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். வரைபடங்களில் வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் பொக்கைப் பல் மாதிரி இடைவெளி விழுந்தது.

மெலிந்துபோன ஆய்வேட்டைக் கோடைக்குள் கொடுத்தேன். மழைக்காலம் தொடங்கும்போது வைவா வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பல வருடங்களாக ஒரு மழை அளவீட்டு நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறவர். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், வரைபடத்தில் விரலை வைத்தார்.

"ஒவ்வொரு வருசமும் ஒரு நாள் காலியா இருக்கே. அன்னைக்கு எவ்ளோ மழை?"

என் நெறியாளர் கூரையைப் பார்த்தார். கடைசி வரிசையில் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பட்டம் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாதுங்க சார்."

"தெரியாதுன்னா?"

"அன்னைக்கு ஆயுத பூசைங்க. மழைமானிய நாங்க கழுவிட்டோம்."

அறை முழுக்கச் சிரித்தது. தேர்வாளர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். மேசையைத் தட்டிச் சிரித்தார். குடம், ஓஸ், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டிருந்தவர், நடுவில் எங்கோ சிரிப்பை நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்த இடைவெளிகளையே பார்த்தார்.

"எல்லா வருசமுமா?" என்றார் மெதுவாக.

"எல்லா வருசமும் சார்."

வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொல்லி, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அதற்குள் அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். கைதட்டலுக்கு நடுவே, அவர் போனில் பேசியது எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஏம்ப்பா, நம்ம ஸ்டேஷன்ல பூசைக்கு எல்லாத்தையும் கழுவுறது யாரு?"